மாத மளிகைச் செலவைத் திட்டமிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் நகரம் ஒன்றில் வாடகை வீட்டில் வசிக்கும், ரேஷன் அட்டையும் ஒரு சிறிய ஃபிரிட்ஜும் உள்ள, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நான்கு பேரை மனத்தில் வைத்து இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. வாரக்கூலியில் வாழும் வீடுகள் இதே கணக்கை வாரத்துக்குச் சுருக்கிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்பட்டுள்ள விலைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சம்பளத்தில் எவ்வளவு பங்கைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குவது?

மத்திய அரசின் 2023–24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு கிராமப்புறங்களில் ஏறத்தாழ 47 விழுக்காடு, நகரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் சம்பளத்தில் நாற்பது விழுக்காட்டை மளிகைக்கு எடுத்து வைத்துவிடக் கூடாது. காரணம், ஓட்டல் சாப்பாடு, டீ, பாக்கெட் தின்பண்டம் எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன. மேலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் வீட்டுக்கு வீடு மாறுவதால் விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு திட்டமிடுவது பெரும்பாலும் ஏட்டுக் கணக்காகவே நின்றுவிடும்.

சென்ற மாதம் உண்மையில் எவ்வளவு செலவானது என்பதிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதை ஒரே தொகையாக வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 10,000 ரூபாய் என்றால், மளிகைக்கு 3,500, பாலுக்கு 2,000, காய்கறி பழத்துக்கு வாரம் 600 வீதம் 2,400, முட்டை மீன் கறிக்கு 1,600, எதிர்பாராத செலவுக்கு 500 என்று ஒதுக்கலாம். கேஸ் சிலிண்டரையும் சோப்பு, துணிப் பவுடர் போன்றவற்றையும் இதில் கலக்காமல் தனியாக எழுதினால்தான் உணவுச் செலவு எவ்வளவு என்பது தெரியும். கடைப் பில்லில் எல்லாம் கலந்தே வரும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் பில்லின் மேல் பேனாவால் இரண்டு கூட்டுத்தொகை எழுதிவிடுவது நல்லது.

மளிகை லிஸ்ட்டை எங்கிருந்து தொடங்குவது?

அடுப்படியிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சென்ற மாத லிஸ்ட்டைப் பார்த்தே இந்த மாத லிஸ்ட்டை எழுதுகிறார்கள். போன மாதம் கூடுதலாக வாங்கியது அதனால் இந்த மாதமும் கூடுதலாகவே வருகிறது. அலமாரியின் பின்வரிசையில் பாதி தீர்ந்த கடுகு பாக்கெட் மூன்று இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. வீட்டில் ஒரு பொருள் எத்தனை நாளைக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விலை குறைந்த கடையைத் தேடுவதால் பெரிய பயன் இல்லை.

இதற்குச் சிரமமில்லாத வழி ஒன்று உண்டு. பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டும் அன்று, அந்தத் தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டி வைக்க வேண்டும். ஒரு கிலோ துவரம் பருப்பு 5ஆம் தேதி கொட்டி 19ஆம் தேதி தீர்ந்தால், அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ போதும். இரண்டு மாதம் இப்படிக் குறித்துவிட்டால் லிஸ்ட் தானாகவே அமைந்துவிடும். விருந்தாளி வந்த மாதத்தையும் ஊருக்குப் போன மாதத்தையும் கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டும்.

சில பொருட்களுக்கு வெளியிலிருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேருக்கு முப்பது நாளைக்கு அது 600 கிராம்தான். ஊறுகாய் போடாத மாதத்தில் ஒரு கிலோ பாக்கெட் மிஞ்ச வேண்டும். சமையல் எண்ணெயை ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் என்று கொண்டால் நான்கு பேருக்கு மாதம் மூன்று முதல் மூன்றரைக் கிலோ, அதாவது ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு லிட்டர். ஆறு லிட்டர் வாங்கும் வீட்டில் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், வாரத்தில் எத்தனை முறை வாணலி ஏறுகிறது என்பதைப் பார்ப்பது மேல்.

ரேஷன் பொருட்களைத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது?

லிஸ்ட் எழுதும்போது முதல் நான்கு வரி ரேஷனுக்கு உரியது. அரிசி அட்டைக்கு அட்டையின் வகைக்கும் உறுப்பினர் எண்ணிக்கைக்கும் ஏற்ப அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. சர்க்கரை அட்டைக்கு அரிசிக்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை கிடைக்கிறது. சர்க்கரை கிலோ 25 ரூபாய். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. வெளிக்கடையில் துவரம் பருப்பின் விலை இதைப்போல மூன்று நான்கு மடங்கு என்பதால், மாதம் இரண்டு கிலோ தேவைப்படும் வீட்டில் ஒரு கிலோவை ரேஷனில் வாங்குவது, நல்ல தள்ளுபடி தருவதாகச் சொல்லும் எந்தக் கடையையும்விடக் கூடுதலாக மிச்சப்படுத்தும்.

சிக்கல் எதுவென்றால், பருப்பும் பாமாயிலும் சில மாதங்களில் தாமதமாகக் கடைக்கு வருகின்றன. ஆகவே 1ஆம் தேதி வாங்கும் மளிகையில் பருப்பை அரைக் கிலோ மட்டும் வாங்கி, ரேஷன் பருப்பு வந்த பிறகு மீதியை முடிவு செய்வது நல்லது.

ரேஷன் அரிசியைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்த விரும்பாதவர்கள்கூட அந்தப் புழுங்கல் அரிசியை இட்லி, தோசை மாவுக்குப் போடுகிறார்கள். ஆப்பம், அடை, இடியாப்ப மாவு எல்லாவற்றுக்கும் அந்தந்த வகை ரேஷன் அரிசி ஒத்துவருகிறது. எல்லா மாதமும் தரம் ஒன்றாக இருப்பதில்லை என்பது உண்மைதான். கல் பொறுக்கி, நன்றாகக் களைந்து பயன்படுத்த வேண்டும். வாங்கிய அரிசியை வெளியில் விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவில் வருகிறது? அதை வாங்குவது லாபமா?

2022 ஜூலை முதல், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகள் 25 கிலோ வரை இருந்தால் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை வந்தது. கிலோ 60 ரூபாய் அரிசியில் 25 கிலோவுக்கு வரி 75 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் சில்லறை அரிசிக்கும் இந்த வரி இல்லை.

ஆகவே மூட்டையில் மிச்சம் உண்டு, ஆனால் அந்த அரிசி உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகுதான். புது ரகமானால் முதலில் இரண்டு கிலோ வாங்கி வடித்துப் பார்க்க வேண்டும். பழைய அரிசி விலை கூடுதலாக இருந்தாலும் சோறு அதிகம் காணும். அறுவடையானவுடன் வரும் புது அரிசி குழையும், அளவும் குறையும். கிலோ விலையில் 3 ரூபாய் குறைவு என்று புது அரிசியை எடுத்துவிட்டு, தினமும் அரைப்படி கூடுதலாகப் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

எந்தப் பொருளை வருடத்துக்கு வாங்கி வைக்கலாம்?

புளி, காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகிய நான்கையும் சொல்லலாம். புதுப் புளி மாசி, பங்குனியில் சந்தைக்கு வருகிறது. காய்ந்த மிளகாயின் புது வரவும் ஏறத்தாழ அதே பருவம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் அப்போது நல்ல நிறத்தில் கிடைக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்து, மில்லில் குழம்புத் தூள் அரைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்துக்குப் பொருளாதாரக் காரணம் இதுதான். வரவு அதிகமாக இருக்கும் பருவமும் வெயில் கிடைக்கும் பருவமும் ஒன்றாக அமைகின்றன. வத்தல், வடகமும் அதே வெயிலில் முடிந்துவிடும்.

புளியைக் கொட்டை நீக்கி வாங்குவதா, கொட்டையோடு வாங்கித் தட்டி எடுப்பதா என்று கேட்கிறார்கள். கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு. ஆனால் கொட்டையும் ஓடும் நாரும் போனபின் நிற்கும் எடையைப் பார்த்தால் வித்தியாசம் பல சமயம் உழைப்புக்கு ஈடாவதில்லை. வீட்டில் உட்கார்ந்து தட்ட ஆள் இருந்தால் மட்டும் செய்யலாம்.

துவரம் பருப்பு, உளுந்து இரண்டையும் வருடத்துக்கு வாங்க வேண்டியதில்லை. வண்டு விழும் அபாயம் ஒருபுறம். ஐந்தாறு ஆயிரம் ரூபாய் டப்பாவில் முடங்கிக் கிடப்பது மறுபுறம். அதுவும் கடன் வாங்கியோ, கிரெடிட் கார்டில் தேய்த்தோ மொத்தச் சாமான் வாங்குவது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. பருப்பில் மிச்சமாவது வட்டியில் போய்விடும்.

பாக்கெட் விலைகளை ஒப்பிடுவது எப்படி?

பாக்கெட்டின் எம்.ஆர்.பி.யைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அடைத்து விற்கும் பொருட்களில் கிராம் ஒன்றுக்கு, அல்லது கிலோ ஒன்றுக்கு எவ்வளவு என்ற அலகு விலையும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. எழுத்து சிறியதாக இருக்கும், ஆனால் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். பெரிய பாக்கெட் என்றால் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல; ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் சிறிய பாக்கெட்டுகள் சில சமயம் கிராம் கணக்கில் குறைவாக வரும்.

எண்ணெயில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் 1 லிட்டர், 850 மில்லி, 800 கிராம் என்று வெவ்வேறு அளவுகள் ஒரே உயரப் பாக்கெட்டில் நிற்கும். 160 ரூபாய்க்கு 1 லிட்டரும், 145 ரூபாய்க்கு 800 கிராமும் இருந்தால், பின்னது மலிவாகத் தோன்றும். ஆனால் 800 கிராம் என்பது ஏறத்தாழ 880 மில்லி, அந்தக் கணக்கில் அதன் லிட்டர் விலை 165 ரூபாய்.

பிஸ்கட், சிப்ஸ் போன்றவற்றில் 10 ரூபாய் பாக்கெட் 10 ரூபாயாகவே இருக்க, உள்ளே கிராம் குறைந்துகொண்டே வருவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நெய், வெண்ணெய், சோப்பு, பற்பசை உள்ளிட்டவற்றின் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய விலைக் குறிப்பை வைத்துத் திட்டமிடுபவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

காய்கறி விலை தினமும் மாறும்போது எப்படித் திட்டமிடுவது?

காய்களின் பெயரை எழுதித் திட்டமிடக் கூடாது, தொகையை எழுத வேண்டும். வாரம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அந்த வாரம் எது மலிவோ அதைச் சுற்றிச் சமையலை அமைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலான காய்கள் ஏறும். முருங்கைக்காய் அந்த மாதங்களில் எட்டாத விலைக்குப் போய், கோடையில் சீந்துவாரின்றிக் கிடக்கும். சாம்பாரில் முருங்கைக்காய் இல்லாமல் முடியாது என்பவர்கள் அப்போது அதன் கீரையை வாங்கலாம்.

தக்காளிதான் வீட்டுக் கணக்கை அதிகம் குலைப்பது. 2023 ஜூலையில் அதன் விலை நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு சென்னையில் ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அப்படிப்பட்ட வாரங்களுக்கு என்று தக்காளி கேட்காத குழம்புகளின் பெயரைச் சமையலறையில் எழுதி வைத்திருப்பது உதவும்: மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகுக் குழம்பு, பொரித்த குழம்பு, மாங்காய் கிடைக்கும் மாதத்தில் மாங்காய்ப் பருப்பு. தக்காளி வருவதற்கு முன்பும் தமிழர்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வாங்கும் இடமாக என் முதல் தேர்வு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்டதாக நாள்தோறும் விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. விடியற்காலையில் போனால் நல்ல காய். முற்பகலில் கலையும் நேரத்தில் போனால் பேரம் படியும், ஆனால் பொறுக்கி எடுத்து மிஞ்சியதுதான் இருக்கும். சந்தைக்குப் போக முடியாவிட்டாலும் அந்த நாளின் பலகை விலையைத் தெரிந்துகொண்டால் தள்ளுவண்டியில் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

வாங்கி வந்த காயைச் சமைக்கும் வரிசையும் செலவைத் தீர்மானிக்கிறது. கீரை முதல் நாள். வெண்டை, கத்தரி, அவரை அடுத்த மூன்று நாள். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் அதற்குப் பின். பூசணி, சேனை, வாழைக்காய் வாரக் கடைசிக்கு. கொத்தமல்லியை வேரை வெட்டி, ஈரம் போக உதறி, செய்தித்தாளில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே ஃபிரிட்ஜில் தள்ளினால் மூன்றாம் நாள் கருத்துக் கூழாகிவிடும்.

அசைவச் செலவைக் குறைப்பது எப்படி?

நாட்காட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கடல் மீன் விலை ஏறும். கட்லா, ரோகு போன்ற அணை மீனுக்கும் கருவாட்டுக்கும் அப்போது மாறிக்கொள்ளலாம். புரட்டாசியில் பலர் அசைவத்தை விடுவதால் கோழியும் முட்டையும் பொதுவாக இறங்கும், காய்கறி ஏறும். விரதம் இல்லாத வீடுகளுக்கு அது வசதியான மாதம். முட்டைக்கு நாமக்கல் பண்ணைக் கொள்முதல் விலை செய்திகளில் தொடர்ந்து வருவதால், கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்பதை அறிய முடியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: பணம் குறையும் மாதத்தில் முதலில் முட்டையையும் பருப்பையும் வெட்டுவது தவறான இடத்தில் கை வைப்பதாகும். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவை கடைசியாகத் தொட வேண்டியவை.

இட்லி மாவைக் கடையில் வாங்கலாமா?

வாங்கலாம். இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து கிலோ 140 ரூபாய் என்றால், ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைக்க 85 ரூபாய் ஆகும். மாவு ஏறத்தாழ மூன்று கிலோ வரும். அதே மாவைக் கடையில் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கினால் 150. வாரம் ஒரு முறை என்றால் மாதம் 260 ரூபாய் வித்தியாசம். ரேஷன் அரிசி போட்டால் இன்னும் கூடும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த 260 ரூபாயைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. மாவு இல்லாத இரவுகளில் ஓட்டல் பார்சல் வாங்கினால் ஒரே இரவில் அந்தத் தொகை போய்விடும்.

அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், செல்போன் ஆப்: எது சிக்கனம்?

மாத லிஸ்ட்டுக்கு மொத்தக் கடை அல்லது சூப்பர் மார்க்கெட், நடுவில் தேவைப்படுவதற்கு அண்ணாச்சி கடை என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். அண்ணாச்சி கடையில் 50 கிராம் சீரகமும் 10 ரூபாய்க்குப் பச்சை மிளகாயும் கேட்டு வாங்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் தேவை இல்லாவிட்டாலும் 200 கிராம் பாக்கெட்தான். கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்குபவர்கள், கடைக்காரர் எழுதும் அதே வரியைத் தங்கள் நோட்டிலும் அன்றே எழுதிக்கொண்டால், மாத முடிவில் சங்கடம் வராது. பத்து நிமிடத்தில் கொண்டு வரும் ஆப்களில் பொருளின் விலை ஒத்திருந்தாலும், டெலிவரி, ஹேண்ட்லிங் கட்டணம் சேரும். அதைத் தவிர்க்க வேண்டி இன்னும் இரண்டு பொருளைக் கூடையில் போடுவது அதைவிடப் பெரிய செலவு.

லிஸ்ட் போட்டு வாங்கியும் 20ஆம் தேதிக்குள் பணம் தீர்ந்துவிடுகிறது, ஏன்?

பெரும்பாலும் லிஸ்ட்டில் இல்லாதவற்றால்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தினம் ஆளுக்கு ஒரு 10 ரூபாய் பாக்கெட் என்றால் மாதம் 600 ரூபாய். நம் எடுத்துக்காட்டில் அது ஒரு வாரக் காய்கறிப் பணம். பாக்கெட்டை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், அவல், ஊற வைத்த சுண்டல் ஆகியவற்றை லிஸ்ட்டிலேயே ‘மாலைத் தீனி’ என்று ஒரு வரியாக எழுதி வாங்கிவிட்டால், பாக்கெட் வாரம் இரண்டாகக் குறையும்.

மற்றொரு வழி, காய்கறி, அசைவப் பணத்தை 1ஆம் தேதியே நான்கு கவரில் பிரித்துப் போட்டுவிடுவது. ஜிபே வந்த பிறகு கவர் எதற்கு என்று கேட்பார்கள். செல்போனில் போகும் 40 ரூபாயும் 70 ரூபாயும் கண்ணில் படுவதில்லை என்பதுதான் அதற்கு விடை.

தீபாவளி, பொங்கல் மாதங்களுக்கு என்ன செய்வது?

நெய், கடலை மாவு, சர்க்கரை, எண்ணெய், துணி எல்லாம் ஒரே மாதத்தில் விழாமல் இருக்க, ஆவணியிலிருந்தே மாதம் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். பலகாரச் சீட்டு, மளிகைச் சீட்டு என்று வாரந்தோறும் பணம் கட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நடத்துபவர் நம்பிக்கையானவராக இருந்து, பொருளும் ஒழுங்காக வந்தால் சரி. ஆனால் இவற்றில் பல பதிவு செய்யப்படாதவை, நடத்துபவர் ஊரை விட்டுப் போனால் கேட்க இடமில்லை. அதே தொகையை வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பில் போட்டு, ஐப்பசியில் முடியும்படி வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். அரசின் பொங்கல் தொகுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அது கையில் வந்த பின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கி வைத்த பொருளில் வண்டு வராமல் காப்பது எப்படி?

டப்பா முழுதாகத் தீர்ந்து, கழுவி, வெயிலில் காய்ந்த பிறகே புதிய பொருளைக் கொட்ட வேண்டும். பழையதன் மேல் புதியதைக் கொட்டுவதுதான் வண்டுக்கு வழி. ரவையை வாங்கியவுடன் வெறும் வாணலியில் வறுத்து ஆற வைக்க வேண்டும். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ வர மிளகாயோ போடலாம். துவரம் பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் உண்டு.

எடை குறைந்தாலோ கூடுதல் விலை கேட்டாலோ எங்கே சொல்வது?

எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது, எடை குறைப்பது ஆகியவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரேஷன் கடை தொடர்பானவற்றுக்கு 1967. பில்லும் பாக்கெட்டின் படமும் கையில் இருக்க வேண்டும், ஆகவே பில் தராத கடையில் பெரிய தொகைக்கு வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், எடை அச்சிட்ட ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை அந்தக் கடைத் தராசிலேயே வைத்துக் காட்டச் சொல்லலாம். தகராறு இல்லாமல் விஷயம் அங்கேயே தெளிந்துவிடும்.